எந்த வெள்ளைங்க?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாயியிடம், அதாவது அம்மாவைப் பெத்தவரிடம், ஓர் ஓவியத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். படத்தோட பேரு ‘தோட்டத்தில் பெண்கள்’ என்றதும் அம்மாயி, "என்ன கண்ணு பண்றாங்க, களையெடுக்கறாங்களா, கடலை பொறுக்கறாங்களா?" என்று கேட்டார்.

நம்ம பக்கம் தோட்டம் என்றால் அதுதானே. ஒரு கிணறு, மோட்டார் ரூம், நாலோ அஞ்சோ ஏக்கர் வெள்ளாமை, ஓரமாக ஒரு சாளை, கட்டுத்தறியில் ரெண்டு எருமை. பூச்செடி வைத்து நடைபாதை போட்டு, அதில் ஒரு வேலையும் பார்க்காமல் உட்கார்ந்து எழுந்து வர ஓர் இடம் இருக்கும், அதையும் தோட்டம் என்பார்கள் என்று 84 வயது ஆளுக்கு எப்படிச் சொல்வது. "சும்மா உக்காந்திருக்கறாங்க அம்மாயி" என்றேன். "சும்மாவா?" என்றவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பெண்கள் மேல் இருந்த மதிப்பு அந்த ஒரு வார்த்தையில் போய்விட்டது.

அந்தப் படம் என்னிடம் வந்த கதையைச் சொல்கிறேன். நான் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்க்கிறேன். பையர், அதாவது ஆர்டர் கொடுக்கிறவர், ஒரு நிறம் அனுப்புவார், நாங்கள் அஞ்சு கிராம் துணியைச் சின்ன குடுவையில் போட்டுச் சாயமேற்றி, ஏ, பி, சி என்று மூன்று துண்டு அட்டையில் ஒட்டி அனுப்புவோம். அதில் ஒன்று அப்ரூவல் ஆனால் அதே ரெசிப்பியில் மெஷினில் ஐநூறு கிலோ ஓடும். லேப்பில் நான் ஒரு சொட்டு தப்பாகப் போட்டால் கீழே அது ஐநூறு கிலோ தப்பு. நிறம் பெரும்பாலும் பேண்டோன் நம்பராக வரும், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நம்பர் கொடுத்த அட்டை அது, இல்லாவிட்டால் ஒரு துண்டுத் துணியாக வரும். போன சீசனில் ஒரு வெளிநாட்டு டிசைனர் மட்டும் ஒரு ஓவியத்தைத் தாளில் அச்சடித்து, அதில் தரையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பாவாடையைச் சுற்றி பேனாவில் ஒரு வட்டம் போட்டு, ‘இந்த வெள்ளை’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

மெர்ச்சண்டைசர் பொண்ணு போனில், "ஒயிட்டுதானுங்ணா, ஈஸிதானுங்" என்றது.

வெள்ளை ஈஸி என்று சொல்பவர்களை எல்லாம் ஒரு வாரம் எங்கள் லேப்பில் உட்கார வைக்க வேண்டும். நிட்டிங்கில் இருந்து வரும் துணி கோரா நிறத்தில், லேசாகப் பழுப்பேறி, பருத்திக்கொட்டைத் தூசியோடு இருக்கும். அதைப் பெராக்சைடில் வெளுத்தால் அரை வெளுப்பு, அதன் மேல்தான் வெளிர் நிறங்கள் ஏற்றுவோம். இன்னும் நன்றாக வெளுத்து ஒளிரும் வெள்ளைக்கான மருந்து போட்டால் ஃபுல் ஒயிட். அந்த மருந்து செய்வது ஒரு சின்ன ஏமாற்று வேலை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்தை வாங்கி, நீல வெளிச்சமாகத் திருப்பிக் கொடுக்கும். துணியில் உள்ள மஞ்சளை அந்த நீலம் அமுக்கிவிடுவதால் கண்ணுக்குப் பளீரென்று இருக்கும். இவை போக ஆஃப் ஒயிட், ஐவரி, எக்ரூ, பால் வெள்ளை, பனி வெள்ளை. ஒவ்வொரு பையருக்கும் ஒவ்வொரு வெள்ளை. இதில் எதுங்க இந்த அம்மாவின் பாவாடை?

தாளைக் கொண்டுபோய் லைட் பாக்ஸில் வைத்தேன். உள்ளே சாம்பல் நிறம் பூசிய பெட்டி அது. பகல் வெளிச்சத்துக்கு டி65, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84, வீட்டுக் குண்டு பல்புக்கு ஒன்று, புற ஊதாவுக்கு ஒன்று என்று பட்டன் இருக்கும். ஒரு நிறம் ஒரு வெளிச்சத்தில் சேர்ந்து இன்னொன்றில் பிரிந்தால் மெட்டாமெரிசம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தால் அந்த வட்டத்துக்குள் வெள்ளை என்று சொல்லக்கூடியது கால்வாசி கூட இல்லை. வெயில் விழும் இடத்தில் ஒரு கொழுத்த வெள்ளை, கொஞ்சம் வெண்ணெய் கலந்தது. மரத்தின் நிழல் பாவாடைக்குக் குறுக்கே விழும் இடத்தில் நீலம், அதுவும் சாம்பல் கலந்த, ஓரத்தில் ஊதா தட்டும் நீலம். புல்லுக்குப் பக்கத்து மடிப்பில் பச்சை வாடை. ஆனால் தாளைக் கையில் பிடித்துத் தள்ளிப் பார்த்தால், சந்தேகமே இல்லை, அது வெள்ளைப் பாவாடைதான்.

பதினாலு வருசமாக வெள்ளைக்குக் கையெழுத்துப் போடுகிறவன் நான். அன்று சாயங்காலம் கொஞ்சம் ஆடித்தான் போனேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வரைந்தவர் குளோத் மோனே. 1866 கோடையில், பாரிஸுக்குப் பக்கத்தில் வீல் தாவ்ரே என்ற ஊரில் வாடகைக்கு எடுத்த வீட்டுத் தோட்டத்தில் ஆரம்பித்திருக்கிறார். வயது 25. உயரம் 255 சென்டிமீட்டர், அகலம் 205. அதாவது எட்டடிக்கு மேல் உயரம். அப்படிப்பட்ட படத்தை வீட்டுக்குள் ஸ்டூடியோவில் வைத்து ஏணி போட்டு வரைவதுதான் அப்போது வழக்கம், வெளியில் போய்ச் சின்னதாக ஒரு மாதிரி வரைந்துகொண்டு வந்து உள்ளே பெரிதாக்குவார்கள். இவர் முழுப் படத்தையும் வெளியில் வைத்தே வரைவேன் என்று நின்றார். மேல்பகுதியை வரைய வேண்டுமென்றால் ஏணியில் ஏற வேண்டும், ஏறினால் பார்க்கும் கோணம் மாறிவிடும். அதனால் தோட்டத்தில் ஒரு குழி வெட்டி, கப்பி போட்டு, படத்தையே குழிக்குள் இறக்கி ஏற்றி வரைந்திருக்கிறார். கிணற்றில் சால் இறக்கி ஏற்றிய ஊர்க்காரனுக்கு இது உடனே புரியும். நாம் தண்ணீருக்குச் செய்ததை அவர் வெளிச்சத்துக்குச் செய்திருக்கிறார்.

படத்தில் நாலு பெண்கள். முன்னால் ஒருத்தி குடை பிடித்துப் பாவாடையைப் பாதையில் பரத்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பூக்கள். இடது பக்கம் ரெண்டு பேர் நிற்கிறார்கள், அதில் ஒருத்தி பூங்கொத்தில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். நடுவில் ஒரு மரம். அதற்குப் பின்னால் வலது பக்கத்தில் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி பூச்செடியை நோக்கி ஓடுவதுபோல் இருக்கிறாள். நாலு பேர் என்று பெயர், அதில் மூணு பேருக்காவது மாடலாக நின்றது கமீல் டோன்சியூ என்ற ஒரே பெண். பிற்பாடு மோனேயின் மனைவி. பணம் இல்லாத நேரம், நாலு மாடலுக்குக் கூலி கொடுக்க எங்கே போவது. உடைகளுக்குப் ஃபேஷன் பத்திரிகைப் படங்களையும் வைத்துக்கொண்டாராம். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு கம்பெனி விடாமல் செய்வது இதைத்தானே, பத்திரிகையைப் பார்த்து உடை, ஒரே பொண்ணுக்கு நாலு சாம்பிளையும் மாட்டி போட்டோ.

இந்தப் படத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மூத்த ஓவியர் கூர்பே பார்க்க வந்தபோது மோனே தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தாராம். ஏன் என்று கேட்டதற்கு, சூரியன் மேகத்துக்குள் போய்விட்டது, வெயிலுக்காகக் காத்திருக்கிறேன் என்றாராம். அதுவரைக்கும் பின்னால் இருக்கும் மரஞ்செடியையாவது வரையலாமே என்று கூர்பே சொன்னதற்கு, மோனே கேட்கவில்லை. கேட்டிருக்கவும் முடியாது. மேகம் வந்தால் பாவாடை மட்டுமா மாறும், மரமும் சேர்ந்துதான் மாறும்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த மாஸ்டர் அப்படித்தான். லைட் பாக்ஸ் இல்லாத காலத்தில் பழகியவர். துணியை எடுத்துக்கொண்டு வடக்குப் பார்த்த ஜன்னலுக்குப் போவார். நேர் வெயில் கூடாது, வடக்கு வானத்து வெளிச்சம்தான் நாளெல்லாம் ரொம்ப மாறாமல் இருக்கும். காலை பத்து மணியிலிருந்து மூணு மணி வரைக்கும்தான் பார்ப்பார். சாயங்காலம் லோடு எறங்கினால், என்ன அவசரம் என்றாலும், "நாளைக்குப் பார்த்துக்கலாம் தம்பி, இப்பப் பார்த்தா எல்லாம் செவப்பாத்தான் தெரியும்" என்று டீ குடிக்கப் போய்விடுவார். பாதி பேர் அவரைச் சோம்பேறி என்றார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

நிழலில் ஏன் நீலம் என்று யோசித்தால் விஷயம் சிம்பிள்தான். மர நிழலில் நேர் வெயில் போய்விடுகிறது, வானத்தின் வெளிச்சம் மட்டும் மிஞ்சுகிறது. வானம் நீலம். வெள்ளைத் துணி தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாது, வந்ததை அப்படியே திருப்பிவிடும், ஆக நிழலில் வெள்ளை நீலமாகத்தான் இருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததா? டி65 விளக்கே வானமும் வெயிலும் கலந்த பகலுக்காகச் செய்ததுதான். தெரிந்தும் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மூளை குறுக்கே வந்து, அது வெள்ளைதான், விடு, என்று கணக்கை நேர் செய்துவிடுகிறது. மோனே அந்தக் கணக்கை நேர் செய்யாமல் விட்டுவிட்டார். உட்கார்ந்திருப்பவளின் முகத்தைப் பாருங்கள், குடை நிழலில் இருந்தாலும் இருட்டாக இல்லை, கீழே விரிந்திருக்கும் பாவாடையின் வெளிச்சம் எகிறி முகத்தில் அடிக்கிறது. படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

இந்த இடத்தில் எங்கள் தொழில்காரர் ஒருத்தரைப் பற்றிச் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. மிஷெல் ஷெவ்ரல். பாரிஸில் கோப்லான் என்ற அரசாங்கத் திரைச்சீலைப் பட்டறை, அங்கே 1824ல் சாயப் பகுதிக்குத் தலைவராகப் போனார். வேதியியல்காரர். போனதும் கம்ப்ளெய்ன்ட். கறுப்பு நூல் சரியில்லை, நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்தால் கறுப்பு வெளிறிப்போகிறது, சாயம் மட்டம் என்று. அவர் வேறு ஊர்க் கறுப்பையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். கறுப்பில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருக்கும் நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டுகிறது, அதுவும் துணியில் நடப்பதில்லை, பார்க்கிறவர் கண்ணில் நடக்கிறது. வருசக்கணக்கில் இதையே தோண்டி 1839ல் ஒரு பெரிய புத்தகமாகப் போட்டார். சாயப்பட்டறைப் பஞ்சாயத்தில் பிறந்த அந்த விதி அப்புறம் ஓவியர்கள் கைக்குப் போய்விட்டது. மனுசன் 102 வயது வரைக்கும் இருந்தார், நிறத்தோடு வேலை செய்தால் ஆயுசு கெட்டி என்று லேப் பசங்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எங்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஆரஞ்சும் சாம்பலும் மாறி மாறி வரும் கோடு போட்ட டி-ஷர்ட். சாம்பல் நீலமடிக்கிறது என்று பையர் திருப்பிவிட்டார். நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மீட்டரில் வைத்தால் பாஸ். ஆரஞ்சுக் கோட்டைத் தாளால் மறைத்துப் பார்த்தால் சாம்பல் சாதாரண சாம்பல். தாளை எடுத்தால் மறுபடி நீலம். மீட்டரைக் காட்டிச் சண்டை போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை, கடைசியில் சாம்பலில் ஒரு பொட்டு ஆரஞ்சு சேர்த்து ஓட்டிக் கொடுத்தோம். அப்போது எனக்கு ஷெவ்ரல் பெயர் தெரியாது. தெரிந்திருந்தாலும் பையர் கேட்டிருக்கப் போவதில்லை.

சரி, படத்துக்கு என்ன ஆச்சு? 1867ல் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு அனுப்பினார், நிராகரித்துவிட்டார்கள். கதையும் இல்லை, கருத்தும் இல்லை, தூரிகைத் தடம் அப்படியே தெரிகிறது, இளவட்டங்கள் எல்லாம் இந்த வழியில் கெட்டுப்போகிறார்கள், இது ஆகாது என்பது நடுவர்கள் பக்கத்து நினைப்பு. இம்ப்ரெஷனிசம் என்ற பேரே அப்போது கிடையாது, அது 1874ல் ஒரு பத்திரிகைக்காரர் கேலியாக எழுதப்போய் ஒட்டிக்கொண்டது. படத்தை நண்பர் பசீல் வாங்கிக்கொண்டார், அவரும் ஓவியர்தான், வீட்டில் வசதி. 2500 பிராங்க், மாசம் 50 பிராங்க் தவணை. ஐம்பது மாசம்! நம்ம ஊர்ச் சீட்டுக் கணக்கு மாதிரியே இருக்கிறது. அந்த பசீல் 1870 நவம்பரில் பிரஷ்யப் போரில் செத்துப்போனார், 28 வயது. படம் கை மாறி எடுவார் மானே என்ற இன்னொரு ஓவியரிடம் போய், மறுபடி மோனேயிடமே வந்து, 1921ல் பிரெஞ்சு அரசாங்கம் அதே படத்தை 2,00,000 பிராங்குக்கு வாங்கியது. இப்போது பாரிஸில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதை ஆபீஸில் சொன்னதும் எங்கள் அக்கவுண்டன்ட் கால்குலேட்டரை எடுத்துவிட்டார். 54 வருசத்தில் 80 மடங்கு. "கூட்டு வட்டிக்கு வருசத்துக்கு எட்டரைகூட வராது போலிருக்குங்க. மாசம் நூத்துக்கு ஒண்ணுன்னு விட்டு, வர்ற வட்டியையும் வட்டிக்கு விட்டிருந்தா இதைவிட மேலாச்சே" என்றார். கொங்குநாட்டில் இருந்துகொண்டு ஓவியத்தைப் பற்றிப் பேசினால் இந்தப் பதில் வராமல் இருக்காது. கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

இனி அம்மாயி. அம்மாயி எப்போதும் வெள்ளைச் சீலைதான். அப்பிச்சி, அம்மாயியின் வீட்டுக்காரர், இறந்தபோது அம்மாயிக்கு 33 வயது, அன்றைக்கு உடுத்தினது. எங்கள் பக்கத்து வழக்கம் அது, ரவிக்கைகூடக் கிடையாது. எனக்கு நினைவு தெரிந்து அவரை வேறு நிறத்தில் பார்த்ததில்லை. கமீல் உடுத்தியிருந்த வெள்ளை அந்த ஊரில் அந்த வருசத்து ஃபேஷன், காசு இருக்கிறவர்கள் வெயில் காலத்தில் உடுத்துவது, அழுக்கானால் துவைக்க ஆள் இருக்கிறது என்று காட்டும் வெள்ளை. அம்மாயியுடையது யாரோ முடிவு பண்ணிக் கொடுத்த வெள்ளை. ரெண்டும் ஸ்பெக்ட்ரோவில் வைத்தால் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். எங்கப்பா போன பிறகு எங்கம்மா வெள்ளை உடுத்தவில்லை, ஊரிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, காலம் அந்த அளவுக்கு மாறிவிட்டது. அப்போது ஒரு தைரியத்தில் அம்மாயிக்கு வெளிர் ஊதாவில் ஒரு சீலை எடுத்துக்கொண்டு போனேன். தடவிப் பார்த்தார். "நல்லாருக்குது. உங்கம்மாளுக்குக் குடு" என்றார். நாற்பத்தாறு வருசம் கழித்து நான் ஒரு சீலையோடு போய் நின்றால் அவர் என்னதான் செய்வார்.

அம்மாயி வெள்ளைச் சீலை துவைப்பதே ஒரு தனி லேப் வேலை. கட்டிச் சவுக்காரம் போட்டு அடித்து அலசி, கடைசித் தண்ணீரில் நீலம். நீலப் பொடியைத் துணியில் முடிந்து வாளித் தண்ணீரில் ரெண்டு ஆட்டு ஆட்டுவார், தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்ப்பார், இன்னும் ஒரு ஆட்டு. அவ்வளவுதான் அளவு. மஞ்சளை நீலத்தால் அமுக்குவது, நாங்கள் கெமிக்கல் போட்டுச் செய்கிற அதே வேலை. அந்த நீலப் பொடி என்ன தெரியுமா, அல்ட்ராமரின். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானிலிருந்து வரும் நீலக்கல்லை அரைத்து எடுத்த, தங்கத்துக்குப் பக்கத்தில் விலை வைத்த நிறம். அதைச் செயற்கையாகக் கிலோ 300 பிராங்குக்கு மிகாமல் செய்து காட்டுகிறவருக்கு 6000 பிராங்க் பரிசு என்று 1824ல் பிரான்ஸில் அறிவித்தார்கள். கிமே என்பவர் செய்து பரிசை வாங்கினார். அதன் பிறகு ஓவியர்களின் தட்டுக்கும் வந்தது, சலவைக்காரர்களின் வாளிக்கும் வந்தது. வெள்ளை உடையில் விழுந்த நிழலைக் காட்ட அந்தக் காலத்து ஓவியர்கள் கையில் இருந்த நீலங்களில் ஒன்றும், என் அம்மாயி கெணத்தடியில் முடிந்து ஆட்டியதும் ஒரே சரக்கு.

இதை எழுதும்போது இன்னொன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அம்மாயி தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் ஓரம். 1992ல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த அணை. மேலே திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து அதில் நின்றது. பருத்தியில் சாயம் ஏற உப்பு வேண்டும், அடர்ந்த நிறம் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராமுக்கும் மேல். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும், உப்பு அத்தனையும் வெளியே போகும். நிறத்தைக்கூடப் பார்த்துவிடலாம், உப்பு கண்ணுக்குத் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் கெட்டது, மஞ்சள் போச்சு, நெல் போச்சு, தென்னை குரும்பையிலேயே உதிர்ந்தது. சீலைக்குச் சவுக்காரம் போட்டால் நுரைக்காது, திரிதிரியாகத் திரண்டு துணியிலேயே ஒட்டும். வெள்ளை மங்கலடித்தது. அம்மாயி நீலத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார், ஒரு கட்டத்தில் சீலை வெளிர்நீலமாகவே ஆகிவிட்டது. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன், "அம்மாயி கலர்ச் சீலை கட்டியிருக்குது" என்று சிரித்திருக்கிறேன். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவை ஒரு சொட்டு வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது. அடுத்த வருசம்தான் நான் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். எங்கே வேலை என்று சொன்னபோது அம்மாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்தத் தண்ணி உங்க பட்டறைத் தண்ணியா சாமி?" இல்லைங்க அம்மாயி, இப்ப ஜீரோ டிஸ்சார்ஜ் என்றேன். அவர் கேட்டது ‘இப்ப’வைப் பற்றி இல்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கமீல் 1879ல் இறந்தார், 32 வயதில். செத்துக் கிடந்தவரையும் மோனே வரைந்தார். அந்த முகத்தில் நீலமும் மஞ்சளும் சாம்பலும் எப்படி மாறி மாறி ஏறுகிறது என்று தன் கண் தானாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டதை அவரே பிற்காலத்தில் நண்பர் கிளமான்சோவிடம் சொல்லியிருக்கிறார். என்ன மனுசன் இவன் என்று உங்களுக்குத் தோன்றலாம். எங்கப்பா மேல் போர்த்தின கோடித்துணியைப் பார்த்து, இது அரை வெளுப்பு, பெராக்சைடு பத்தலை, என்று நினைத்தவன் நான். இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

டிசைனருக்கு மூன்று வெள்ளை அனுப்பினேன். ஏ ஃபுல் ஒயிட், பி மருந்து குறைத்தது, சி மருந்தே போடாமல் ஒரு துளி நீலமும் ஊதாவும் மட்டும் வைத்தது. சி அப்ரூவல் ஆகும் என்று மனசுக்குள் பந்தயம் கட்டியிருந்தேன். ஏ-தான் ஆச்சு. கமெண்ட் பகுதியில் ‘பிரைட்’ என்று ஒரே வார்த்தை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பேச்சோடு நிறுத்தாமல் போனில் படத்தையும் காட்டினேன். அம்மாயி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். நானும் காத்திருந்தேன், பூவைச் சொல்வாரா, குடையைச் சொல்வாரா என்று. விரலை அந்தப் பாவாடை மேல் வைத்தார், படம் பெரிதாகி ஸ்கிரீன் முழுக்க வெள்ளையும் நீலமுமாக ஆகிவிட்டது. "இத்தாச்சோட்டுத் துணியை மண்ணுல பரத்திக்கிட்டு உக்காந்திருக்கறாளே, இதை எவ தொவைக்கறது?" என்றார்.

அப்புறம் எழுந்து வாசலுக்குப் போனார். வாசல் ஓரம் செவ்வரளி, ரெண்டு நந்தியாவட்டை, ஒரு கனகாம்பரம், அதற்கு அந்தப் பக்கம் வேப்பமரம். இப்போதெல்லாம் வெள்ளாமை இல்லை, இருக்கிற எருமை ஒன்றுதான். சாயங்காலம் அஞ்சேகால் இருக்கும். வேப்பமர நிழலில் நின்று வாளியை எடுத்தார். முதுகுப் பக்கம் சீலையில் வெயில் ஒரு கை அகலத்துக்கு விழுந்து மஞ்சளாக இருந்தது. மற்ற இடமெல்லாம் நீலம். நிஜமாகவே நீலம், முழங்காலுக்குக் கீழே செம்மண் வாசலின் நிறம் ஏறி லேசான சிவப்பு. குனிந்தபோது முந்தியின் வெளிச்சம் தாடைக்குக் கீழே பட்டது. போனை எடுத்து ஒரு போட்டோ எடுத்தேன். பார்த்தால் அந்த நீலம் இல்லை, போன் தானாகவே திருத்திச் சுத்தமான வெள்ளையாக்கி வைத்திருந்தது. செட்டிங்ஸைத் தேடிக்கொண்டே இன்னொன்று எடுக்கப் போனேன்.

"பொழுது எறங்குது, எருமைக்குத் தண்ணி காட்டோணும்" என்றார் அம்மாயி. "வழியை உடு கண்ணு."